தண்ணீர் அடித்த பத்துக் கொடிகள்

1

எனக்குக் கோபம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. தானாக இறங்கட்டும் என்று விட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. இறங்காது என்று தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

அன்று சனிக்கிழமை மதியம். பெர்த் நகரத்தின் தெற்குப் பக்கம் எங்கள் வாடகை வீட்டுப் பின்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காமயகவுண்டன்பட்டியிலிருந்து தம்பி முருகேசன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் மகள் கௌசல்யா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சியில் அவளுக்கு முதல் பரிசு. கையில் கேடயம். பக்கத்தில் சால்வை போர்த்திய ஒரு பெரிய மனிதர். பின்னால் அவளுடைய ஆய்வை விளக்கும் அட்டை.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நான்கைந்து இதயங்களை அனுப்பினேன். வேலையில் இருந்த கணவருக்கு அனுப்பினேன். உள்ளே போய் என் மகளிடம் காட்டினேன். அவள், "நைஸ்" என்றாள்.

பிறகுதான் படத்தைப் பெரிதாக்கி அட்டையைப் படித்தேன். அதில் இருந்த எண்களில் பாதி கௌசியுடையவை அல்ல.

அவளுடைய எண்கள் எனக்கு மனப்பாடம். அறுவடை நாளில் தோட்டத்தில் நின்றுகொண்டே இருபது திராட்சைக் கொடிகளின் எடையையும் ஒவ்வொன்றாகப் போனில் படித்துக் காட்டியவள் அவள். அட்டையின் ஒரு பாதி அப்படியே இருந்தது. மறுபாதி யாரோ எழுதியது. கீழே பெரிய எழுத்தில் முடிவு: டானிக் அடித்தால் மகசூல் பெருகும்.

2

அவள் கண்டுபிடித்தது அதற்கு நேர் எதிர்.

சென்ற ஆண்டு கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்த சமயத்தில் ஒருநாள் கூப்பிட்டாள். எங்கள் குடும்பத்துக்கு ஊரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. கவாத்து செய்து நாலு மாதத்தில் பழம். அந்த நாலு மாதத்தில் முருகேசன் என்னென்னவோ மருந்து அடிப்பான். அதில் ஒன்று பழம் பருக்க என்று விற்கும் டானிக்.

"அத்தை, எல்லாரும் அடிக்காகன்னுதேன் அப்பாவும் அடிக்காக. அடிக்காம விட்டா என்னாகும்னு யாரும் பாத்ததே இல்ல. நான் பாக்கவா?"

பதினெட்டு வருடம் அறிவியல் நடத்தியிருக்கிறேன். ஊரில் எட்டு, இங்கே மிச்சம். அறிவியல் முறை என்று கரும்பலகையில் எழுதி, கேள்வி, ஊகம், சோதனை, முடிவு என்று படிக்கட்டு மாதிரி கீழே வரிசையாக எழுதிப்போட்டிருக்கிறேன். அந்த முதல் படியில் தானாக ஏறி நின்ற ஒரு பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

நான் சொல்லிக்கொடுத்தது குறைவு. கேட்டது அதிகம். வாய்க்கால் ஓரத்துப் பத்துக் கொடிகளுக்கு டானிக், உள்ளே இருக்கும் பத்துக்கு வெறும் தண்ணீர் என்று முதலில் திட்டம் போட்டாள்.

"வாய்க்கால் ஓரத்துக் கொடிக்கு ஏற்கெனவே தண்ணி கூடப் போகுமே கௌசி?"

மறுநாள், டிபன் பாக்ஸில் இருபது சீட்டுப் போட்டுக் குலுக்கி, எந்தக் கொடிக்கு எது என்று எடுத்துவிட்டதாகச் சொன்னாள். அடிக்கப்போவது அப்பா என்பதால் எது டானிக், எது தண்ணீர் என்று அவருக்குத் தெரியக்கூடாது என்று அவளே முடிவு செய்தாள். இரண்டையும் ஒரே மாதிரிக் கறுப்புக் கேன்களில் ஊற்றினாள். டானிக்கில் மீன் கவிச்சி அடித்தது. அதற்கும் வழி கண்டாள். "அப்பா மூக்குல நல்லா ரெண்டு சுத்துத் துண்டக் கட்டிவிட்டுட்டேன் அத்தை. மொறைக்காக."

இடையில் இரண்டு கொடிகளில் நோய் விழுந்தது. அவற்றை விட்டுவிடலாமா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "வேணாம், இருக்கட்டும். நோய் விழுந்துச்சுன்னு எழுதிக்கிறேன்" என்றாள். ஒரு நாளும் தவறாமல் நோட்டில் எழுதினாள். கடைசியில் முருகேசன் எடை போட, அவள் எழுதினாள். டானிக் அடித்த பத்துக்கும் தண்ணீர் அடித்த பத்துக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் எதுவும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெருமையோடு அதைச் சொன்னேன். ஆங்கிலத்தில் கொடி vine, மது wine. இரண்டையும் என் வாய் ஒன்றாகத்தான் சொல்லும். கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த உதடு அது. என் மருமகள் மதுவுக்கு டானிக் ஊற்றியதாகத்தான் பிள்ளைகள் காதில் விழுந்தது. இங்கே டானிக் என்றால் ஜின் என்ற மதுவில் கலந்து குடிப்பது. "ஜின் ஊத்தலையா மிஸ்?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பதினொரு மணிக்குச் சிரித்தது, மாலை காரில் வரும்போது கோபமாக மாறியது. இங்கே என் கோபங்கள் எல்லாமே இப்படித்தான், தாமதமாக வரும்.

3

இந்த நாட்டில் மறுபடி ஆசிரியை ஆக எனக்கு நாலு வருடம் பிடித்தது. அதுவரை ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் தட்டுக் கழுவினேன். சான்றிதழ், அதை மொழிபெயர்த்ததற்குச் சான்றிதழ், மொழிபெயர்த்தவருக்கு ஒரு சான்றிதழ். ஊர்ப் பள்ளியிலிருந்து பணி அனுபவக் கடிதம் கேட்டார்கள். கடிதம் வந்தது. முத்திரை மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கேட்டார்: "ஒரு மாணவருக்குக் கிடைத்த அளவீடு, எதிர்பார்த்த விடையோடு ஒத்துப்போகவில்லை. என்ன செய்வீர்கள்?"

சுலபமான கேள்வி என்று நினைத்தேன். "திருத்திக்கொடுப்பேன்" என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முறை எனக்கு வேலை கிடைக்கவில்லை. என் ஆங்கிலத்துக்காகத்தான் என்னைக் கழித்துவிட்டார்கள் என்று ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

4

படம் வந்த அன்றே முருகேசனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, அந்த அட்டையில இருக்கிறது பொய்யிடா. எட போட்டது நீதான?"

"ஆமா, நாந்தேன் போட்டேன். அதுக்கு என்ன இப்ப?"

"என்ன இப்பவா?"

"யக்கா, பரிசு வாங்கிட்டு வந்த பிள்ளையப் போயி எதையாச்சும் கேட்டு அழ வச்சிராத. அம்புட்டுப் பெரிய மனுசன், பிள்ள தலையில கைய வச்சு நல்லா வருவன்னு சொல்லிட்டுப் போனாக. கடை வாசல்ல இவ போட்டோவப் போட்டு ஃபிளெக்ஸ் அடிச்சு வச்சிருக்காக. ஊரே நின்னு பாத்துட்டுப் போகுது."

எந்தக் கடை என்று கேட்டேன். அந்தச் சால்வை மனிதருக்குக் கம்பத்தில் உரக்கடை இருக்கிறது. பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தவர். அந்த டானிக்கை விற்பவரும் அவர்தான். ஃபிளெக்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தம்பி பெருமையாகவே அனுப்பினான். கேடயத்தோடு கௌசி. பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக டானிக் பாட்டில். மேலே சிவப்பு எழுத்தில், "பள்ளி மாணவியின் ஆய்வில் நிரூபணம்."

கௌசி போனுக்கு வரவே இல்லை. மூன்றாம் நாள்தான் வந்தாள்.

"மிஸ் அழுதாக அத்தை."

"எந்த மிஸ்?"

"சயின்ஸ் மிஸ். முந்துன நாளு கரஸ்பாண்டென்ட் சார் வந்து அட்டையப் பாத்தாராம். வர்ற விருந்தாளி யாருன்னு தெரியும்ல, அவரு மூஞ்சியில கரியப் பூசத்தேன் இத வச்சிருக்கீகளான்னு கேட்டாராம். இத மாத்தலன்னா நாளையில இருந்து நீங்க வர வேணாம்னுட்டாராம். மிஸ் என்னக் கூப்பிட்டு, டானிக் வரிசைய மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டுருவோம்டா, தண்ணி வரிசை உன்னோடதுதேன், அதத் தொடலன்னாக. நான் மாட்டேன்னேன். அப்பறம் அழுதுட்டாக. அழுதவுககிட்ட எப்படி அத்தை மாட்டேன்னு சொல்ல?"

"உன் நோட்டு எங்க?"

"மிஸ் வாங்கிட்டாக."

5

அந்த ஆசிரியையின் எண்ணைத் தம்பியிடம் மல்லுக்கட்டி வாங்கினேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அவள் போனை எடுத்ததும் பெயர்கூடக் கேட்காமல் தொடங்கிவிட்டேன். ஒரு பிள்ளை நாலு மாதம் வெயிலில் நின்று செய்ததை ஒரே சாயங்காலத்தில் பொய்யாக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது, அந்தப் பொய்யை நம்பி எத்தனை பேர் அந்தப் பாட்டிலை வாங்கிப்போவார்கள் தெரியுமா, நீங்கள் எல்லாம் எதற்கு அறிவியல் நடத்துகிறீர்கள்.

எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்.

"டீச்சர், குரலக் கேட்டதுமே தெரிஞ்சுச்சு. நான் மகேஸ்வரி. சின்னமனூர்ல ஏழாவது உங்ககிட்டதேன் படிச்சேன். மேகமலைப் பொண்ணு. ஹாஸ்டல்ல இருந்தேன்."

எனக்கு நினைவு வந்தது. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டிலிருந்து வந்த பெண். வகுப்பில் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பாள்.

"தண்ணி கொதிக்கிற சூட்டை அளக்கிற சோதனை வச்சீக. நான் தெர்மாமீட்டரக் கெஞ்சி வாங்கிட்டு, லீவுக்கு மலைக்குக் கொண்டுபோனேன். எங்க வீட்டு அடுப்புல வச்சுப் பாத்தேன். தொண்ணூத்தஞ்சுல கொதிச்சிருச்சு. அதையே ரெக்கார்டுல எழுதுனேன். நீங்க அதச் செவப்பு மையில அடிச்சுட்டு நூறுன்னு போட்டீக. பக்கத்துல என்ன எழுதுனீகன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"'கவனமாகச் செய்யவும்'னு எழுதுனீக. நான் கவனமாத்தேன் டீச்சர் செஞ்சேன். மூணு தடவ."

மலையில் காற்றழுத்தம் குறைவு, அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை. அதே வருடம் வேறொரு பாடத்தில் அதையும் நடத்தியிருப்பேன். ஆனால் ரெக்கார்டு நோட்டில் நூறு என்று இருக்க வேண்டும். பள்ளி ஆய்வாளர் வந்தால் நூறைத்தான் தேடுவார். அந்தப் பிள்ளை மலையில் ஏறி நின்று சரியாக அளந்துகொண்டு வந்த ஓர் உண்மையை நான் ஒரு கோட்டில் கொன்றேன். மார்க்கும் குறைத்தேன்.

"காலேஜ் போனப்பறந்தேன் டீச்சர் எனக்குத் தெரிஞ்சுச்சு, நாந்தேன் சரின்னு. சரி, அதெல்லாம் போகட்டும். அன்னைக்கு நீங்க அழிச்சீக. இன்னைக்கு நான் அழிச்சேன். உங்களுக்கு யாரும் வேலையப் பறிப்பேன்னு சொல்லல. எனக்குச் சொன்னாக. வித்தியாசம் அம்புட்டுத்தேன்."

போனை அவள்தான் வைத்தாள்.

6

இந்த இடத்தில் நான் வெட்கப்பட்டு அடங்கிப்போயிருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். நான் அடங்கவில்லை. கோபத்துக்கு இறங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. என் மேல் இறங்க நான் விடவில்லை. அன்று மாலையே பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்டுக்கு மின்னஞ்சல் எழுதினேன். இங்கே இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்ட அலுவலக ஆங்கிலத்தில், யாரையும் நேராகக் குத்தாமல், நாசூக்காக. "மாணவியின் அளவீடுகள் கண்காட்சிக்கு முன் ஆசிரியரால் மாற்றப்பட்டுள்ளன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் கடிதத்தின் அடிப்படையில் விசாரித்தோம், தவறு உறுதியானது, சம்பந்தப்பட்ட ஆசிரியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டார், பள்ளியின் தரம் காக்க உதவியதற்கு நன்றி.

மிரட்டியவர் விசாரித்தார். மிரட்டப்பட்டவள் போனாள். அதற்கு என் கடிதமே சாட்சி. "ஆசிரியரால்" என்று எழுதிய கை இது. "உங்களால்" என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் பதிலே வந்திருக்காது. ஆனால் மகேஸ்வரி வகுப்பில் இருந்திருப்பாள்.

பதிலைப் படித்துவிட்டுச் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் வந்து நின்றாள். தேன்மொழி என்று பெயர் வைத்தோம். பள்ளியில் தியா. பதின்மூன்று வயது. எனக்கும் அவளுக்கும் அந்த மாதம் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருந்தது. எந்த டிஷ்யூத்தாள் அதிகம் தண்ணீர் உறிஞ்சும் என்று ஒரு வீட்டுப்பாடம். அவள் ஊகித்தது ஒன்று, வந்தது ஒன்று. உடனே முன்பக்கத்தைத் திருப்பி ஊகத்தை அழித்து, வந்த விடைக்கு ஏற்ற மாதிரி எழுதிவிட்டாள். நான் கத்தினேன். "எல்லாரும் அப்படித்தான்மா பண்றாங்க. ஊகம் தப்பானா இன்னும் ஒரு பக்கம் விளக்கம் எழுதணும்" என்றாள். வசதியான நாடு, விலை உயர்ந்த ஆய்வுக்கூடம், அதே அழிரப்பர்.

அவளிடம் மகேஸ்வரிக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். யோசித்து யோசித்துக் கேட்டாள்.

"மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த டீச்சர்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"அப்போ கோவம் உன்னோடது. வேலை அவங்களோடது."

அதற்கும் கோபப்பட்டேன். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று. அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை.

கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு ஊரை நினைத்துக் கோபப்படுவது சுகமானது. எனக்கு அங்கே வேலை இல்லை, பிழைப்பு இல்லை, நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டிய ஆள் இல்லை. நான் திட்டினால் என் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை. அங்கே ஒருத்தி தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறுவாள்.

மகேஸ்வரிக்குப் பலமுறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தொண்ணூற்றைந்துதான் சரி என்றும் எழுதினேன். படித்திருக்கிறாள் என்று திரையில் தெரிகிறது. பதில் இல்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவள் அவள் இல்லை.

7

ஆனால் பள்ளியை விட்டுப் போன அன்று அவள் ஒரு காரியம் செய்தாள். காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ் ஏறி, தம்பி வீட்டுக்கு வந்து, கௌசியின் நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். உட்காரக்கூட இல்லையாம். "இது உன்னோடது. ஒரு எழுத்தும் மாத்தல" என்று மட்டும் சொன்னாளாம். கரஸ்பாண்டென்ட் அதைக் கேட்டிருக்கிறார். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, பைக்குள் வைத்து எடுத்து வந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கௌசி நோட்டோடு கம்பத்துக்குக் கிளம்பினாள். முருகேசன் தடுத்துப் பார்த்தான். அவள் தனியாகவே பஸ்ஸில் போவேன் என்றதும் வண்டியை எடுத்தான். அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் பொருந்தியதால் நம்புகிறேன்.

கடையில் தோட்டம் வைத்திருக்கும் சம்சாரிகள் நாலைந்து பேர் நின்றார்கள். முதலாளி அவளைப் பார்த்துச் சிரித்து, கடைப் பையனிடம் குளிர்பானம் வாங்கிவரச் சொன்னார்.

"வேணாம் சார். வாசல்ல இருக்கிறதுல இருந்து என் பேரையும் போட்டோவையும் எடுத்துருங்க. அது நான் கண்டுபிடிச்சது இல்ல."

"பாப்பா, அதெல்லாம் யாவாரம். உனக்குப் புரியாது."

கௌசி கல்லாவுக்கு முன்னால் நோட்டைப் பிரித்தாள். இருபது கொடிகளின் எடையையும் சத்தமாக வாசித்தாள். நோய் விழுந்த இரண்டையும் சேர்த்து வாசித்தாள். முதலாளிக்குச் சிரிப்புப் போய்விட்டது.

"யாரோ எதையோ எழுதிக் குடுத்தத வாசிச்சா ஆச்சா? எட போட்டது யாரு, பாத்தது யாரு?"

என் தம்பியைப் பற்றி நான் மனதுக்குள் என்னென்னவோ திட்டி வைத்திருந்தேன். அவன் அந்தக் கடைக்குப் பதினைந்து வருட வாடிக்கை. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றவன் உள்ளே வந்தான்.

"எட போட்டது நாந்தேன்" என்றான். "பிள்ள வாசிச்சது அத்தனையும் நெசம்."

பக்கத்துத் தோட்டத்துப் பேச்சியம்மா அங்கே நின்றிருக்கிறாள். அவள் கையில் அந்தப் பாட்டில். "ஏத்தா கௌசி, மெய்யாலுமா? உன் படத்தப் பாத்துத்தேன் நான் இத எடுத்தேன். அப்ப இது வேலைக்கு ஆகாதா?"

"எங்க தோட்டத்துல, ஒரே ஒரு வெள்ளாமையிலதேன் பாத்திருக்கேன். உங்க தோட்டத்துல எப்படியோ, எனக்குத் தெரியாது."

இந்தப் பதிலைத் தம்பி சொன்னபோது நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். வென்றுகொண்டிருக்கும் நேரத்தில், நாலு பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை அந்தப் பிள்ளை. இதை நான் எந்த வகுப்பிலும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. எனக்கே தெரியாது.

பேச்சியம்மா பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்ப என் தோட்டத்துலயும் போட்டுப் பாரு" என்றாளாம்.

ஃபிளெக்ஸ் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. பெயரை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். முகம் அப்படியே இருக்கிறது. கரஸ்பாண்டென்ட் அதே நாற்காலியில் இருக்கிறார். அந்தக் கடையில் முருகேசனை இப்போது யாரும் வாங்கண்ணே என்று கூப்பிடுவதில்லை. சாமான் வாங்கச் சின்னமனூர் வரை போய் வருகிறான். மகேஸ்வரி எங்கே வேலை செய்கிறாள், செய்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

இந்தக் கவாத்துக்கு ஐந்து தோட்டங்களில் சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். ஐவர் மூக்கிலும் துண்டு. பேச்சியம்மா கைநாட்டு. அவள் தோட்டத்துக் கணக்கைக் கௌசி எழுதுகிறாள்.

நேற்று மதியம் பேசினேன். பழம் நிறம் பிடித்துவிட்டதாம். அடுத்த வாரம் எடை.

"இந்தத் தடவையும் ஒண்ணுமில்லைன்னு வரட்டும் கௌசி. அஞ்சு தோட்டத்துக் கணக்கையும் எடுத்துட்டுப் போயி அந்த ஆளு மூஞ்சியில..."

"அத்தை" என்று தடுத்தாள். "அப்படி நெனச்சுக்கிட்டு எட போடக் கூடாது. வேலை செஞ்சாலும் செஞ்சிருக்கும். பாத்துட்டுச் சொல்றேன்."